மார்க்கெட்டிங் படிக்கற புள்ளைகளை சந்தைக்கு அனுப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் ஈரோடு மாவட்டத்துல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல காமர்ஸ் டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறேன். மார்க்கெட்டிங், கன்ஸ்யூமர் பிஹேவியர் (வாங்கறவங்க எப்படி முடிவெடுக்கறாங்கங்கற பாடம்) இந்த ரெண்டு பேப்பரும் பல வருசமா என்கிட்டத்தான் இருக்குது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாப் போதும், உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் பக்கம் பக்கமா காலேஜ் விளம்பரம் வருது, பி.காம்ல இத்தனை பிரிவு, பி.பி.ஏ., எம்.பி.ஏ., பஸ் வசதி, ஹாஸ்டல், பிளேஸ்மென்ட்னு எல்லாம் போடறாங்க, ஆனா அந்த கிளாஸ் ரூமுக்குள்ள என்ன சொல்லிக்குடுக்கறாங்க, எப்படி சொல்லிக்குடுக்கறாங்கன்னு பெத்தவங்களும் கேக்கறதில்லை, நாங்களா சொல்றதும் இல்லைங்க. அதைப் பத்தி எழுதணும்னு நெம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

எங்க புள்ளைக மக்கு இல்லைங்க. பொருள், விலை, விக்கற இடம், விளம்பரம்னு பிரிக்கற 4பி-யை 1960ல மெக்கார்த்தி கொண்டு வந்தார், தேவைகளோட படிநிலையை 1943ல மாஸ்லோ சொன்னார், ஒரு பொருளை வாங்கிட்டு வந்த பொறவு மனசுல வர்ற குடைச்சலுக்கு பேரு காக்னிட்டிவ் டிஸொனன்ஸ், அது 1957ல ஃபெஸ்டிங்கர் சொன்னதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. படம் போட்டு அம்புக்குறி போட்டு எழுதி ஃபுல் மார்க் வாங்கறாங்க. அதே புள்ளைகிட்ட, ஏங்கண்ணு போன வருசம் உங்கப்பா மோட்டார் மாத்தினாரே, இத்தனை கம்பெனி இருக்கறப்ப எதுக்கு அதை வாங்கினாரு, யாரைக் கேட்டாரு, எத்தனை கடை ஏறி எறங்கினாருன்னு கேட்டா முழிக்குது. ரெண்டும் ஒரே விசயம்தான்னு அதுக்கு தெரியலை, ஏன்னா நாங்க யாரும் சேத்து வெச்சு சொல்லலை. புத்தகத்துல இருக்கறது பூரா காபி ஷாப்பு, பர்கர் கடை, செல்போன் கம்பெனி. அந்த தியரி தப்புன்னு நான் சொல்ல வரலைங்க, அது நல்ல தியரிதான், உலகம் பூரா பொருந்தறதுனாலதான் தியரின்னு பேரு, அப்ப அது கோபியிலயும் தாராபுரத்துலயும் பொருந்துதான்னு புள்ளை கண்ணால பாக்க வேண்டாமா.

கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்குது. எங்க பக்கத்து காலேஜ் லைப்ரரி எதுக்குள்ள போனாலும் பாருங்க, பைண்டு பண்ணி அடுக்கி வெச்சிருப்பாங்க, எல்லாத்துக்கும் தலைப்பு ஒரே மாதிரி, எ ஸ்டடி ஆன் கன்ஸ்யூமர் சேட்டிஸ்ஃபேக்சன் டுவர்ட்ஸ் இன்ன பொருள் வித் ஸ்பெசல் ரெஃபரன்ஸ் டு ஈரோடு சிட்டி. பொருள் பேரும் ஊர் பேரும் மட்டும் மாறும். கூகுள் ஃபார்ம் ஒண்ணு தயார் பண்ணி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடறாங்க, கூடப் படிக்கற புள்ளைகளும் அவங்க அண்ணன் தம்பிகளும் டிக் அடிச்சு அனுப்பறாங்க, அதை வெச்சு பர்சன்டேஜ் போட்டு, கை-ஸ்கொயர்ங்கற புள்ளியியல் கணக்கு போட்டு, கண்டுபிடிப்புன்னு ஒரு பக்கம், பதில் சொன்னவங்கள்ல பெரும்பாலானவங்க 18ல இருந்து 25 வயசுக்குள்ள இருக்கறவங்கன்னு எழுதறாங்க. காலேஜ் குரூப்ல போட்டா அந்த வயசுக்காரங்கதானுங்க வருவாங்க. ஆலோசனைங்கற இடத்துல கம்பெனி விலையைக் குறைக்கோணும், விளம்பரத்தைக் கூட்டோணும்னு எழுதி முடிச்சுடறாங்க. இதுல ஒரு கடைக்காரரையோ, ஒரு பொருளைக் கையில எடுத்துட்டு திருப்பி வெச்சுட்டுப் போன ஒரு அம்மாவையோ அந்தப் புள்ளை பாக்கவே இல்லை. டிகிரி மட்டும் கைக்கு வந்துருது.

கேட்டா ஒண்ணு சொல்லுவாங்க, பாத்தா வேற ஒண்ணு நடக்கும், கன்ஸ்யூமர் பிஹேவியர் பேப்பரோட உயிரே அங்கதான் இருக்குது. எண்ணெய் பாக்கெட்டு வாங்கறப்ப எதைப் பாத்து வாங்கறீங்கன்னு ஃபார்ம்ல கேட்டா தரம்னு டிக் அடிப்பாங்க, மளிகைக் கடையில ஒரு ரெண்டு மணி நேரம் ஓரமா நின்னு பாத்தா, பாக்கெட்டைத் திருப்பி பின்னால படிக்கறவங்க எத்தனை பேரு, கடைக்காரர் எடுத்துக் குடுத்ததை அப்படியே பையில போடறவங்க எத்தனை பேருன்னு தெரிஞ்சு போகும்.

சரி எங்க போய் பாக்கறதுன்னா, நம்ம கொங்கு நாட்டுல இடத்துக்கா பஞ்சம். புஞ்சை புளியம்பட்டியில வியாழக்கிழமை மாட்டுச்சந்தை கூடுது, வெடியால நேரத்துல போயி நின்னாப் போதுங்க, அஞ்சு யூனிட்டு சிலபஸும் கண்ணு முன்னால நடக்கும். கறவை மாடு வாங்க வந்தவரு மொதல்ல மாட்டுக்காரர்கிட்ட பேசவே மாட்டாரு, தள்ளி நின்னு மாடு நிக்கற நிலையைப் பாப்பாரு, பொறவு கிட்ட வந்து வாயைத் திறந்து பல் பாப்பாரு, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சான்னு பாத்தா வயசு தெரிஞ்சுரும், மடியைத் தடவி காம்பு நாலையும் பீச்சிப் பாப்பாரு, எத்தனையாவது ஈத்துன்னு கேப்பாரு, நடக்க வெச்சுப் பாப்பாரு. இத்தனையும் பாத்துட்டு கடைசியில சுழி, அதாவது மாட்டு மேல முடி சுழிஞ்சிருக்கற இடம் பாப்பாரு. மாடு எல்லா விதத்துலயும் நல்லா இருந்தாலும் சுழி சரியில்லைன்னா வேண்டாம்னுட்டு போயிருவாரு. பாலுக்கும் சுழிக்கும் என்ன சம்பந்தம்னு ஸ்டூடன்ட்டு கேக்கட்டும், கேக்கோணும், வாங்கறவங்க மனசுல பொருளோட குணம் மட்டும் இல்லை, வளர்ந்த வளப்பும் நம்பிக்கையும் சேந்து உக்காந்திருக்குதுன்னு அங்க புரியற மாதிரி எந்த ஸ்லைடுலயும் புரியாது.

இன்னொண்ணு பாருங்க. விக்கறவனுக்கு மாட்டைப் பத்தி எல்லாம் தெரியும், வாங்கறவனுக்கு பாதிதான் தெரியும், இந்த மாதிரி இடத்துல என்ன ஆகும்னு 1970ல ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் அமெரிக்காவுல பழைய கார் வியாபாரத்தை வெச்சு எழுதினாரு, அதுல செஞ்ச வேலைக்குத்தான் 2001ல நோபல் பரிசும் குடுத்தாங்க. அதையேதான் நம்ம சந்தையில தரகர் சமாளிக்கறாரு. ரெண்டு பக்கமும் அவரைத் தெரியும், அடுத்த வாரமும் அதே சந்தைக்கு அவரு வந்தாகோணும், பொய் சொன்னா பொழப்பு போயிரும். துண்டைப் போட்டு மூடி அதுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசறாங்களே, பக்கத்துல நிக்கறவனுக்கு விலை தெரியக்கூடாதுன்னு, அதுல விலை நிர்ணயத்தைப் பத்தி எத்தனை பாடம் இருக்குது, ஒருத்தனுக்கு ஒரு விலை இன்னொருத்தனுக்கு ஒரு விலைன்னு எப்படி ஆகுதுன்னு. இப்ப டிக்கெட் புக் பண்ற ஆப்ல ஆளுக்கு ஒரு விலை நேரத்துக்கு ஒரு விலை காட்டறதைப் புரிஞ்சுக்கறதுக்கு இந்தத் துண்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

குடும்பத்துல யாரு முடிவு பண்றாங்கன்னு ஒரு பாடம் இருக்குது, தொடங்கி வெக்கறவர், செல்வாக்கு செலுத்தறவர், முடிவெடுக்கறவர், வாங்கறவர், பயன்படுத்தறவர்னு அஞ்சு பேரு. புத்தகத்துல அதுக்கு உதாரணமா குழந்தைக்கு பிரேக்ஃபாஸ்ட் சீரியல் வாங்கறது இருக்கும். நான் கிளாஸ்ல கிரைண்டரை எடுத்துக்குவேன். கோயமுத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கின பொருள், நம்ம ஊர்ப் பொருள், பொண்ணுக்கு சீர் குடுக்கறப்ப கிரைண்டர் இல்லாம சீரே இல்லை. அதை வாங்க ஒரு குடும்பம் கடைக்கு வர்றதைப் பாத்தீங்கன்னா, லிஸ்ட்டு போட்டது அம்மா, இன்ன கம்பெனி கல்லுதான் நல்லா அரைக்குதுன்னு சொன்னது சின்னம்மா, ரெண்டு லிட்டர் டேபிள் டாப் போதும்னு சொல்றது கலியாணமாகி டவுன்ல இருக்கற அக்கா, இல்லை ஒறம்பரை வந்தா பத்தாது பெருசா வாங்குன்னு சொல்றது அப்பத்தா, காசு குடுக்கறது தாய்மாமன், அப்பா ஓரமா சேர்ல உக்காந்திருப்பாரு, கடைசியில எல்லாரும் அவரு மூஞ்சியைப் பாப்பாங்க. நாளைக்கு அதுல மாவாட்டப் போற புள்ளையை யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. அனுபவப்பட்ட சேல்ஸ்மேன் அந்தக் கூட்டத்துல யாருகிட்ட மொதல்ல பேசறாரு, யாருக்கு காபி குடுக்கச் சொல்றாரு, விலையை யாரு காதுல போடறாருன்னு கவனிச்சு எழுதிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புவேன். அதை எழுதிட்டு வந்த புள்ளைகளுக்கு அந்த அஞ்சு பேரும் பரீட்சை முடிஞ்சு பல வருசம் ஆனாலும் மறக்காது.

திருப்பூரை எடுத்துக்கங்க. கம்பெனிகள்ல வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வருது, ஞாயித்துக்கிழமை கடைவீதி பூரா கூட்டம். மாசச் சம்பளக்காரரு மொத வாரத்துல மூட்டையா அரிசி எடுப்பாரு, வாரச் சம்பளக்காரங்க சின்ன பாக்கெட்டா எடுப்பாங்க, வருசத்துக்கு கூட்டிப் பாத்தா ரெண்டு பேரோட வருமானமும் ஒண்ணாக்கூட இருக்கும், வாங்கற விதம் வேற. ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்து வேலை செய்யறவங்க குடியிருக்கற வீதியில மளிகைக் கடைக்காரர் கடுகெண்ணெய் வாங்கி அடுக்கறாரு, ஹிந்தியில நாலு வார்த்தை கத்துக்கறாரு. வாடிக்கையாளரை வகை பிரிச்சு விக்கற செக்மென்டேசனை அவரு படிக்கலை, செய்யறாரு. குறைஞ்ச வருமானக்காரங்களை வாடிக்கையாளரா மதிச்சு அவங்களுக்கு ஏத்த மாதிரி பொருள் செய்யோணும்னு உலகத்துக்கே சொன்ன சி.கே. பிரகலாத் 1941ல பொறந்தது நம்ம கோயமுத்தூர்லதானுங்க. அவரு பேரு எங்க சிலபஸ்ல ரெண்டு மார்க் கேள்வியா வருது, அவரு பொறந்த ஊர்ல படிக்கற புள்ளைக்கு அவரு இந்த ஊருன்னே தெரியறதில்லை. அவரு சொன்னது சரியா தப்பான்னு திருப்பூர்ல ஒரு லைன் வீட்டு வாசல்ல நின்னு பேசிப் பாக்கலாம், சின்ன சாசே பாக்கெட்டு ஏழைக்கு வசதியா, இல்லை கிராம் கணக்குப் பாத்தா அவங்கதான் அதிகம் குடுக்கறாங்களான்னு. ரொம்பச் சின்ன பாக்கெட்டு தவிர மத்ததுல கிராமுக்கு இத்தனைன்னு யூனிட் விலை போடோணும்னு விதி இருக்குது, கணக்குப் போட பெரிய படிப்பு வேண்டியதில்லை.

பக்கத்துக் காட்டைப் பாத்து வாங்கறதுன்னு நம்ம பக்கம் சொல்லுவோமே, அதுக்கும் ஆராய்ச்சி இருக்குது. அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல வீரிய ஒட்டு மக்காச்சோள விதை எப்படி பரவுச்சுன்னு ரயன், கிராஸ்னு ரெண்டு பேரு 1943ல எழுதினாங்க, விதை இருக்குதுங்கற தகவலை விவசாயிகளுக்கு மொதல்ல சொன்னது பெரும்பாலும் விதைக் கம்பெனி சேல்ஸ்மேன், வாங்கலாம்னு முடிவு பண்ண வெச்சது பக்கத்துக் காட்டுக்காரர். அதையெல்லாம் வெச்சுத்தான் எவரெட் ரோஜர்ஸ் 1962ல ஒரு புதுப் பொருளை மொதல்ல வாங்கறவங்க 2.5 சதவீதம், அடுத்து 13.5 சதவீதம்னு கோடு போட்டுக் காட்டினாரு. நம்ம ஊர்ல சொட்டுநீர் வந்ததை யோசிச்சுப் பாருங்க. சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75 சதவீதம். விலையே இல்லைன்னு அரசாங்கம் குடுத்தும், பக்கத்துத் தோட்டத்துல அடைப்பு எடுக்காம ஓடுதான்னு ஒரு வெள்ளாமை பாத்துட்டுத்தான் போட்டவங்க எத்தனை பேரு. விலையைக் குறைச்சா வித்துரும்னு ப்ராஜெக்ட்ல எழுதற புள்ளை, ஒரே ஒரு தோட்டத்துக்காரர்கிட்ட அரை மணி நேரம் பேசினாப் போதும், அந்த வரியை அது திரும்ப எழுதாது.

மஞ்சளைப் பத்தி சொல்லாம ஈரோட்டுக்காரன் லெட்டரை முடிக்க முடியாதுங்க. 2010-11ல மஞ்சள் குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டிப் போச்சு, அடுத்த ஒண்ணு ரெண்டு வருசத்துல மூணுல ஒரு பங்குக்கும் கீழ வந்துருச்சு. எத்தனையோ பேரு விக்காம குடோன்ல வெச்சிருந்தாங்க, வாடகையும் கட்டிட்டு, வட்டியும் கட்டிட்டு. பழைய விலை மனசுல உக்காந்திருச்சு, அதுக்குக் கீழ வித்தா நட்டம்னு தோணும், நட்டத்தோட வலி லாபத்தோட சந்தோசத்தை விடப் பெருசுன்னு கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் நிபுணருங்க 1979ல எழுதினாங்க. இதை கிளாஸ்ல சொல்லறப்ப பின் பெஞ்சுல இருந்து எங்க தாத்தாவும் அப்படித்தாங்க வெச்சிருந்தாருன்னு ஒரு பையன் சொல்லுவான், அந்த நிமிசம் கிளாஸ் பூரா நிமிந்து உக்காரும். பெருந்துறையிலயோ கோபியிலயோ ஏலம் நடக்கற எடத்துக்கு கூட்டிட்டுப் போனா விரலி மஞ்சளை ஒடிச்சு உள் நிறம் பாத்து வியாபாரி விலை போடறதைப் பாக்கலாம், கம்பெனிக்காக வாங்கறவங்க எப்படி வாங்கறாங்கங்கற பாடம் அது. அதே மஞ்சளைத் தூளாக்கி பாக்கெட்டுல போட்டு 1975ல ஈரோட்டுல ஆரம்பிச்ச சக்தி மசாலா இன்னைக்கு எங்க நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். வறுத்து மில்லுக்குக் கொண்டு போயி அரைச்சே பழகின பொம்பளைங்களை பாக்கெட்டு மசாலாவுக்கு மாத்தறதுன்னா சும்மாவா, ஒரு ஊரோட சமையல் பழக்கமே மாறியிருக்குது. அதைக் கூடவே இருந்து பாத்த பாட்டிமாரு எல்லா வீட்டுலயும் இருக்காங்க, அவங்களை யாரும் உக்கார வெச்சுக் கேக்கலை.

இன்னொரு விசயத்துல எனக்கு நெம்ப வருத்தம் இருக்குதுங்க. வாங்கறவங்க மனசை எப்படி திருப்பறதுன்னு மூணு வருசம் சொல்லிக்குடுக்கறோம், எங்க நிறுத்தோணும்னு கடைசி யூனிட்ல நாலு பக்கம், அதுவும் போர்சன் முடியலைன்னா அதைத்தான் விட்டுடறாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20ல நடைமுறைக்கு வந்துச்சு, பொய் விளம்பரம் பண்ணினா 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணினா 50 லட்சம் வரைக்கும், விளம்பரத்துல நடிச்சவங்க மேலயும் போடலாம். ஆன்லைன்ல நாம எடுக்காத பொருளைக் கூடையில போட்டு விடறது, இன்னும் ரெண்டுதான் பாக்கின்னு பொய்யா அவசரப்படுத்தறது, சந்தா எடுத்தா வெளிய வர முடியாம பண்றது, இந்த மாதிரி 13 வேலைகளை டார்க் பேட்டர்ன்னு பேரு போட்டு 2023 நவம்பர்ல மத்திய அரசு தடை பண்ணியிருக்குது. எங்க புள்ளைக நாளைக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்குப் போயி இந்த 13ல ஏதோ ஒண்ணை டிசைன் பண்ணச் சொன்னா, இது சட்டப்படி தப்புங்க சார்னு சொல்ற தைரியமும் விவரமும் அவங்களுக்கு இருக்கோணும். வீட்டுல அம்மா வாங்கின மிக்சி ஓடலைன்னு கடைக்காரர் கைய விரிச்சா நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போடத் தெரியோணும், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸ் கட்டாமயே புகார் குடுக்கலாம், ரெண்டு வருசத்துக்குள்ள குடுக்கோணும்னு தெரியோணும். கன்ஸ்யூமர் பிஹேவியர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கின புள்ளைக்கு இது தெரியலைன்னா அது எங்க குறை, புள்ளையோட குறை இல்லை.

இதையெல்லாம் சொன்னா சக ஆசிரியர்கள் சொல்ற பதில் எனக்குத் தெரியும். யூனிவர்சிட்டி சிலபஸ்ல இல்லை, நேரம் இல்லை, பொம்பளைப் புள்ளைகளை சந்தைக்கு அனுப்பினா வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு. கடைசியில சொன்னது நியாயமான கவலைதான், அதுக்கு மூணு பேரு நாலு பேரா அனுப்பலாம், மாட்டுச்சந்தைக்குப் பதிலா உழவர் சந்தைக்கு அனுப்பலாம், அங்க காலையில வர்றதுல பாதிக்கு மேல பொம்பளைங்கதான், கத்திரிக்கா பொறுக்கற கையைப் பாத்தாலே ஒரு அசைன்மென்ட் எழுதலாம். சிலபஸ்னு சொல்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேனுங்க. நம்ம பக்கம் நெறைய காலேஜ் தன்னாட்சி வாங்கியிருக்குது, பாடத்திட்டத்தை அவங்க போர்டு ஆஃப் ஸ்டடீஸ்தான் முடிவு பண்ணுது, அதுல தொழில் துறையில இருந்து ஒருத்தரு உக்காரோணும்னு யூஜிசி விதியே இருக்குது. அந்த நாற்காலியில எப்பவும் பெரிய கம்பெனி ஹெச்ஆரையே உக்கார வெக்கறதுக்குப் பதிலா ஜவுளி வியாபாரி ஒருத்தரையோ, கிரைண்டர் செஞ்சு விக்கறவரையோ, சொந்தமா எண்ணெய்ச் செக்கு போட்டு பாட்டில்ல விக்கற அம்மாவையோ உக்கார வெச்சா பாடத்திட்டம் தானா மாறும். தன்னாட்சி இல்லாத காலேஜ்லகூட இன்டர்னல் மார்க் எங்க கையிலதான இருக்குது, அந்த அசைன்மென்ட்டுக்கு இன்டர்நெட்ல இருந்து எடுத்து எழுதறதை நிறுத்திட்டு, ஒரு கடையில நின்னு பாத்ததை எழுதச் சொன்னா யாரு தடுக்கப் போறாங்க. அதையும் தமிழ்லயே எழுத விடுங்க. வாங்கறவங்களும் விக்கறவங்களும் பேசினது தமிழ்லதான், அதை அந்தப் புள்ளை இங்கிலீஷ்ல மாத்தறதுக்குள்ள பாதி உயிர் போயிருது, தியரிப் பகுதியை மட்டும் இங்கிலீஷ்ல எழுதட்டும், பரீட்சைக்கு அது வேணும்.

ஒரு விசயத்துல கண்டிப்பா இருக்கோணும். கடைக்காரரைக் கேக்காம நிக்கக்கூடாது, யாரையும் போன்ல படம் பிடிக்கக்கூடாது, வாங்க வந்தவங்க பேரு எழுதக்கூடாது, அவங்க கேட்டா நான் இன்ன காலேஜ் ஸ்டூடன்ட்டுங்க, பாடத்துக்காக பாத்துட்டு இருக்கறேன்னு நேரா சொல்லோணும். பாக்கறவங்களை மதிக்கத் தெரியாதவன் மார்க்கெட்டிங் படிச்சு ஊருக்கு நல்லது இல்லைங்க.

உங்க பேப்பரை கடை திறந்த உடனே படிக்கற வியாபாரிகள் நெறைய பேரு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை முக்கியமா எழுதறேன். உங்க ஊர்ல இருக்கற காலேஜ்ல காமர்ஸ், மேனேஜ்மென்ட் டிபார்ட்மென்ட் ஹெச்ஓடியைப் போயி பாருங்க, எங்க கடைக்கு செமஸ்டருக்கு நாலு புள்ளைகளை அனுப்புங்க, கூட்டம் கம்மியா இருக்கற நாள்ல நாங்க உக்கார வெச்சு சொல்லித் தர்றோம்னு நீங்களாப் போயி சொல்லுங்க. நாங்க கேட்டு வந்தா ஆயிரம் பர்மிசன் லெட்டர் ஆகுது, நீங்க வந்து கேட்டா பிரின்சிபால் மறுக்க மாட்டாரு. தீபாவளி சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால பண்ணினா இந்த செமஸ்டர்லயே அனுப்பிடலாம்.

இப்படிக்கு,
காமர்ஸ் ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.